கமக்காரரும் இடவிளக்கப் படமும்

காணிக்கு உறுதி வைத்திருக்கும் கமக்காரர் பலர். அக்காணி அமைந்துள்ள ஊரின் இடவிளக்கப் படத்தை ஒருமுறையேனும் விரித்துப் பார்த்தவர் மிகச் சிலர். உறுதி காணியின் நான்கெல்லையைக் கூறும். மாரியில் அக்காணிக்குள் வெள்ளம் எத்திசையிலிருந்து வரும், எத்திசையாக வெளியேறும் என்பதை அது கூறாது. அதனை அறிதற்கு உதவுவது இடவிளக்கப் படமே. மானிப்பாய்ப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்படத்தை வாசிக்கும் முறையை இங்கு விளக்குவோம்.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் படங்களுக்கான அளவை வேலை 1897இல் தொடங்கி 1924இல் நிறைவெய்தியது. நாடு முழுவதும் 72 தாள்களில் அடங்கிற்று. பின்னர் மீற்றர் முறை வந்தபோது 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில் 92 தாள்களாகப் புதிய வரிசை ஆக்கப்பட்டது. இவ்விரு வகைத் தாள்களும் இன்றும் பயன்தருவன. பழைய தாளை எறிந்துவிடாதீர்கள். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

படத்தை விரித்தவுடன் முதலிற் பார்க்கவேண்டியது அளவுத்திட்டம். 1:50,000 என்றால், தாளில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 500 மீற்றராகும். இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். நமது கணக்கிற் சொன்னால், தாளில் ஒரு சதுர சென்ரிமீற்றர் 25 ஹெக்ரெயர், அதாவது ஏறக்குறைய 62 ஏக்கர். ஏக்கருக்குத் தோட்டப் பரப்பு 16 ஆகையால், அது 988 பரப்பு வரையில் வரும். ஒரு பரப்புக் காணியைச் சதுரமாகக் கொண்டால், அதன் ஒரு பக்கம் தாளில் மூன்றில் ஒரு மில்லிமீற்றரே. கூரிய பென்சிலால் வைத்த புள்ளி அதனை மூடிவிடும். ஆதலின் கதியால் அரைமுழம் தள்ளி நாட்டப்பட்டது என்னும் வழக்குக்கு இப்படத்தைத் தூக்கிச் செல்வது வீண்வேலை. நம்மூரில் இத்தகைய வழக்குகளுக்குக் குறைவில்லை என்பதால் இதனை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். எல்லைக்கு வேண்டியது நில அளவையாளர் வரைந்த காணிப்படம்.

அடுத்து மேடு பள்ளம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரையப்படும் கபிலநிறக் கோடு சமவுயரக் கோடு எனப்படும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு கடுமை. விலகியிருந்தால் சரிவு மெதுமை. கண்டி, பதுளைத் தாள்களில் இக்கோடுகள் விரல்ரேகைபோல நெருங்கிக் கிடக்கும். நமது தாளை எடுத்தாலோ, ஒரு கோடுதானும் மானிப்பாய்க்குள் வாராது. காரணம் எளிது. பழைய தாளில் கோடுகள் 100 அடிக்கு ஒன்றாகவும், புதிய தாளில் 20 மீற்றருக்கு ஒன்றாகவும் வரையப்பட்டுள்ளன. வலிகாமத்தில் வயலோ தோட்டமோ எதுவும் அவ்வுயரத்தை எட்டுவதில்லை. இதைக் கண்டு, “படத்திற்கு நம்மூர் வெறும் மட்டம், இதில் வாசிக்க என்ன இருக்கிறது?” என்று மடித்து வைப்பவர் பலர். இருபது மீற்றருக்குள் மேடு பள்ளம் இல்லையென்று படம் சொல்லவில்லை. கோட்டினாற் சொல்லவில்லை, அவ்வளவே. மிளகாய்க் கன்றுக்கு ஒரு சாண் பள்ளமே போதும், வேர் அழுகுவதற்கு.

கோடில்லாத இடத்தில் நீரே கோடு. நீலநிறத்தில் உள்ளவற்றை விரலால் தொடர்ந்து செல்லுங்கள். மானிப்பாயின் கிழக்கே, இணுவில் கோண்டாவில் ஊடாக, காங்கேசன்துறைப் புகையிரதப் பாதை செல்கிறது. மேற்கே வழுக்கையாறு. மாரியில் மட்டும் ஓடும் இவ்வாறு தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகத் தென்மேற்கே சென்று அராலியிற் கடனீரேரியை அடைகிறது. ஆறு ஓடும் திசையே நிலம் சரியும் திசை. எனவே வலிகாமத்தின் இப்பகுதி வடகிழக்கில் உயர்ந்து தென்மேற்கில் தாழ்ந்துள்ளது என்பதை ஒரு சமவுயரக் கோடுமின்றி அறிந்துகொள்கிறோம். இருமருங்குமுள்ள குளங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பென்சிலால் இணைத்துப் பாருங்கள். அக்கோடுகள் ஆற்றை நோக்கிச் சாய்வதைக் காண்பீர்கள். வெள்ளம் செல்லும் வழியும் பெரும்பாலும் அதுவே. வயல் குறித்த இடம் தாழ்வு. குடிமனையும் தோட்டமும் குறித்த இடம் அதனினும் மேடு. நம் முன்னோர் மட்டக்கருவி இன்றியே இதனை அறிந்து குடியமர்ந்தனர்.

பெயர்களையும் வாசிக்க வேண்டும். கலட்டி என்று முடிந்தால் கல் நிறைந்த மேட்டுநிலம். தரவை, வெளி, மோட்டை என்றால் மாரியில் நீர் நிற்கும் தாழ்நிலம். ஓடை என்றால் நீரோடிய தடம். மானிப்பாயில் மருதடிப் பிள்ளையாரை அறியாதார் இல்லை. மருது ஈரநிலத்தை விரும்பும் மரம். பெயரை மட்டும் நம்பி முடிவுகட்டலாகாது. ஆயினும் பெயரொன்று ஐயத்தை எழுப்பினால், போய்ப் பார்ப்பது நன்று.

இதனை நான் என் தவற்றினாற் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், மானிப்பாய்க்கு மேற்கே ஒரு கமக்காரர் வயலாயிருந்த ஆறு பரப்பில் மிளகாய் நடலாமா என்று என்னிடம் கேட்டார். புரட்டாதி வெயிலில் நிலத்தைப் பார்த்தேன்; மட்டமாயும் காய்ந்தும் இருந்தது. நடலாம் என்றேன். கார்த்திகையில் இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் அவர் வந்து, “தம்பி, வந்து பாரும்” என்று மட்டும் சொன்னார். கன்று முழுவதும் நீருக்குள் நின்றது. ஒரு கிழமையில் நான்கு பரப்புக் கன்று வாடிச் செத்தது. கன்றுக்கும் எருவுக்கும் அவர் அடைவு வைத்த நகை அப்போதும் மீளவில்லை. அதன்பிறகே இருவரும் பழைய தாளை விரித்தோம். அவருடைய காணி இரண்டு குளங்களுக்கு நடுவே, ஆற்றுப் பக்கமாகச் சாயும் அதே நேர்கோட்டிற் கிடந்தது. புதிய தாளில் மேற்குளம் காணப்படவில்லை. அது தூர்ந்து குடிமனையாகிவிட்டது. குளம் போயினும் வெள்ளம் வழியை மறக்கவில்லை. படத்துடன் நடந்து தேடியபோது, அயற்காணி வேலியடியில் மண்மூடிய மதகொன்று கண்டோம். அயலவரின் சம்மதத்துடன் அதனைத் திறந்தோம். இப்போது அவர் தாழ்ந்த நான்கு பரப்பில் நெல்லும், உயர்ந்த இரண்டு பரப்பில் மிளகாயும் செய்கிறார்.

கிணறு பற்றியும் ஒரு சொல். படத்தில் ஆங்காங்கே புள்ளியும் எண்ணும் காணப்படும். அது அவ்விடம் கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதைக் காட்டும். அருகேயுள்ள கிணற்றின் நீர்மட்டம் நிலத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கயிறிட்டு அளந்து, அவ்வெண்ணிலிருந்து கழித்தால், நீர் கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பது தோராயமாகத் தெரியும். நம் சுண்ணக்கல்லில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கலாம் என்பது விதி; நமது வெடிப்பு நிறைந்த கல்லில் அது அதனினும் குறைவாக இருப்பதுண்டு. மேலே ஓரடி இறைத்துத் தாழ்த்தினால், கீழிருந்து உவர் பன்மடங்கு ஏறும் என்பது இதன் பொருள். கோடையில் இக்கழித்தல் பூச்சியத்தை அணுகுமாயின், பம்பி ஓடும் நேரத்தைக் குறையுங்கள். ஆனால், அவ்வெண் அப்புள்ளிக்கு மட்டுமே உரியது. நூறு யார் தள்ளியுள்ள கிணற்றுக்கு அதை அப்படியே கொள்ளாமல், நீர் நிரப்பிய தெளிந்த குழாயால் மட்டம் பிடித்து வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாளின் ஓரத்தில் அது திருத்தப்பட்ட ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் பாராமல் எதையும் நம்பாதீர்கள். அதன்பின் வீதிகள் உயர்த்தப்பட்டிருக்கும், தாழ்நிலங்கள் மண்கொட்டி நிரப்பப்பட்டிருக்கும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல்மழை குடாநாட்டை மூழ்கடித்தபோது, தம் காணி பள்ளம் என்பதை அன்றுதான் அறிந்தவர் பலர். பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, முன்னதில் இருந்து பின்னதில் மறைந்த குளத்தையும் வாய்க்காலையும் குறித்துக்கொள்ளுங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கும் இரு தாள்களையும் கொண்டு செல்லுங்கள். வாய்க்காலைத் திறக்கும்படி அயலவரைக் கேட்கும்போது, வாய்ச்சொல்லைவிடத் தாள் மனத்தாங்கலைக் குறைக்கும்.

படங்களை மாவட்ட நில அளவை அலுவலகத்தில் விசாரித்துப் பெறலாம். உங்கள் ஊர் வெளிப்புறம் வருமாறு மடித்து, மெழுகுத்தாளிற் சுற்றி வையுங்கள். பேனாவால் எழுதாமல் பென்சிலாற் குறியுங்கள். ஐப்பசியில் முதற் பெருமழை விட்டவுடன், நீர் வடியுமுன், குடையும் படமுமாகக் காணியைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். நீர் தேங்கிய இடங்களைப் படத்தில் குறித்து, நாற்றுமேடை போடுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.