ஏழைக் குறிவையுங்கள்

கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் ஒரு பெட்டியை அவிழ்த்தார். உள்ளே தேன்கூடு மாதிரி துளை துளையாக ஒரு வட்ட டார்ட்ஸ் பலகை, பிளாஸ்டிக் முனை வைத்த ஆறு அம்புகள், சின்னத் திரை. விறாந்தைச் சுவரில் மாட்டிக் கரண்ட் கொடுத்ததும் அது ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தது. பிள்ளைகள் எறிந்தார்கள், பலகை புள்ளி சொன்னது. என் முறை வந்தது. "இருபதுக்கு எறிங்க சாச்சா!" எறிந்தேன். முதல் அம்பு 1இல், இரண்டாவது 5இல், மூன்றாவது சுவரில்.

குறி தவறியதைவிட இன்னொன்றுதான் எனக்குப் புதிராக இருந்தது. கண்ணோ கமராவோ இல்லாத இந்தப் பலகைக்கு அம்பு விழுந்த இடம் எப்படித் தெரிகிறது?

மருதமுனைக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. சாரனும் சேலையும் நெய்து பேர் வாங்கிய ஊர் இது. அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பதும் ஒரு நெசவுதான். இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். ஒன்றில் மின்சாரம் கடத்தும் மைக்கோடுகள் பாவாக ஓடும், மற்றதில் ஊடாக ஓடும். சும்மா இருக்கும்போது இரண்டும் தொடாது. அம்பு குத்தியதும் பலகையில் குத்துப்பட்ட துண்டு பின்பக்கம் அழுந்தி, ஒரு பாவையும் ஒரு ஊடையும் சேர்த்து வைக்கும். எது எதைத் தொட்டது என்று சிப் பார்த்துக்கொள்ளும்.

பலகையில் 20 எண்கள். ஒவ்வொன்றுக்கும் சாதா, டபுள், ட்ரிபிள் என்று மூன்று விலை. நடுவில் 25, 50 என்று இரண்டு. ஆக 62. அத்தனைக்கும் தனித்தனி வயர் இழுத்தால் உள்ளே ஒரே சிக்காகிவிடும். 8 பாவும் 8 ஊடும் இருந்தால் 64 சந்திப்புகள் கிடைக்கின்றன. 16 இழையோடு வேலை முடிந்தது. கல்குலேட்டரின் பொத்தான்களுக்குக் கீழேயும் இதே நெசவுதான்.

இதனால் ஒரு வேடிக்கை உண்டு. இரும்பு முனை அம்பு எறியும் பழைய பலகையில் அம்பு தெறித்து விழுந்தால் புள்ளி இல்லை. இங்கே குத்திவிட்டு நிலத்தில் விழுந்தாலும் பெரும்பாலும் புள்ளி உண்டு, இழைகள் ஒரு கணம் தொட்டுவிட்டனவே! அதேபோல் உடைந்த முனை துளைக்குள் இறுகி, துண்டு அழுந்தியபடியே நின்றால் பலகை குழம்பிப் போகும். பழுதாகிவிட்டது என்று தூக்கிப் போடுமுன் துளைகளைப் பாருங்கள்.

தறி ஒன்றுதான், டிசைன்தான் வேறு வேறு. ஒரு பொத்தானை அழுத்தினால் அதே பலகை வேறு விளையாட்டாகிவிடும். 'கவுண்ட் அப்'பில் கூட்டல் மட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும். 'கிரிக்கெட்' என்றொன்று இருக்கிறது, பேரைக் கேட்டு மட்டை தேட வேண்டாம். 15 முதல் 20 வரையான எண்களும் நடுவட்டமும் மட்டும் கணக்கு. ஒரு எண்ணை மூன்று தரம் அடித்தால் அது உங்களுடைய காணி; டபுள் இரண்டு தரத்துக்கும் ட்ரிபிள் மூன்று தரத்துக்கும் சமன். எதிராளியும் அதை மூன்று தரம் அடித்து அடைக்கும்வரை நீங்கள் அதில் புள்ளி அறுவடை செய்யலாம். இதிலேயே 'கட் த்ரோட்' என்ற வகையில் நீங்கள் அடித்த புள்ளி மற்றவர்களின் தலையில் ஏறும், குறைந்த புள்ளிக்காரர் வெல்வார். சொந்தக்காரரோடு விளையாடாதீர்கள்.

அரச விளையாட்டு 501. அங்கிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூச்சியத்தில் நிற்க வேண்டும். முறைக்கு மூன்று அம்பு. மிச்சத்தைவிடக் கூட அடித்துவிட்டால் அந்த முறையில் அடித்ததெல்லாம் வீண். பழைய மிச்சத்துக்கே திரும்ப வேண்டும். கரம் போர்டில் சிவப்பை எடுத்துவிட்டு அடுத்த காயைப் போடாதவன் சிவப்பைத் திருப்பி வைக்கிற மாதிரி. கடைசி அம்பு டபுளில்தான் முடிய வேண்டும் என்ற விதியையும் சேர்த்தால் கணக்கு இன்னும் ருசிக்கும். தேர்ந்தவர்கள் 32ஐ மிச்சம் வைக்கப் பார்ப்பார்கள். டபுள் 16 அடித்தால் முடிந்தது. தவறிச் சாதா 16இல் விழுந்தால் மிச்சம் 16, அதற்கு டபுள் 8. அதிலும் தவறினால் டபுள் 4, பிறகு 2, பிறகு 1. தவறத் தவறப் பாதியாகிக்கொண்டே போகும், பாதை அடைபடாது. குறைந்தது ஒன்பது அம்பில் 501ஐ முடிக்கலாம்: ஏழு ட்ரிபிள் 20, ஒரு ட்ரிபிள் 19, ஒரு டபுள் 12 என்பது ஒரு வழி. தொலைக்காட்சியில் ஒன்பது அம்பில் முடித்துக் காட்டிய முதல் ஆள் இங்கிலாந்தின் ஜோன் லோ, 1984இல்.

சரி, என் 1க்கும் 5க்கும் வருகிறேன். எண்களை இப்படிக் கலைத்து வைத்ததில்தான் பலகையின் குசும்பு இருக்கிறது. உச்சியில் இருக்கும் 20க்கு வலப்பக்கம் 1, இடப்பக்கம் 5. மூன்றையும் கூட்டினால் 26தான். ஆசைப்பட்டவனுக்கு அடி! ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எல்லா எண்களுக்கும் அயலைக் கூட்டிப் பார்த்தேன். ஆகக் கூடியது ஏழுக்கு: 19, 7, 16, மொத்தம் 42. தனியே பார்த்தால் சோனி எண்; அக்கம்பக்கம் இரண்டும் பணக்காரர்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. டிப்ஷிரானி, பிரைஸ், டெய்லர் என்ற மூவர் 2011இல் ஒரு புள்ளிவிபரவியல் ஆய்வேட்டில், எங்கே குறிவைப்பது லாபம் என்று சரியாகவே கணித்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்தது இரும்பு முனைப் பலகை. அதில் ட்ரிபிள் வளையம் 8 மில்லிமீட்டர் அகலம். அம்புகள் சிதறும் நியம விலகல் சுமார் 16 மில்லிமீட்டருக்குள் இருப்பவர் ட்ரிபிள் 20இன் பக்கம் எறியலாம். அதைத் தாண்டினால் ட்ரிபிள் 19 நல்லது. கை இன்னும் தளர்ந்தால் சிறந்த இடம் உள்ளே சுருண்டு வந்து, நடுவட்டத்துக்குச் சற்றுக் கீழே இடப்பக்கமாக நிற்கும். நம் வீட்டுப் பலகையில் அது கிட்டத்தட்ட நடுவட்டத்திலிருந்து ஏழை நோக்கிய திசை.

ஆகவே என் போன்ற கைக்காரர்களுக்குச் சொல்கிறேன், ஏழைக் குறிவையுங்கள். எண்ணைத்தான் சொல்கிறேன், ஆட்களை இல்லை. நான் இப்போது அங்கேதான் எறிகிறேன். நேற்றுச் சுவரில் பட்டது ஒன்றே ஒன்று.