பாட்டு யாருக்குச் சொந்தம்?

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பாட்டு எழுதுகிறார்கள், குறும்படம் எடுக்கிறார்கள். பெற்றோருக்குப் பெருமைதான். ஆனால், செய்த வேலை யாருக்குச் சொந்தம் என்று எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்?

மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் உள்ளது. சொந்தமாக இயற்றிய பாட்டை எழுத்திலோ ஒலிப்பதிவிலோ பதித்தவுடனே இயற்றியவருக்கு உரிமை உண்டாகிவிடுகிறது; எங்கும் போய்ப் பதிந்தாக வேண்டியதில்லை. அவர் காலத்துக்குப் பின்னும் 50 ஆண்டுகள் அவ்வுரிமை நிலைக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஒருவர் கேட்டுக்கொண்டு எழுதிக் கொடுத்தாலும், சம்பள வேலையின் பகுதியாக எழுதினாலும், மாற்று ஒப்பந்தம் இல்லையேல் உரிமை அவருக்கோ முதலாளிக்கோ போய்விடும். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம் தம்பி" என்ற பேச்சை நம்பிவிடாதீர்கள். உரிமை யாருக்கு, பணம் எவ்வளவு, எப்பொழுது கிடைக்கும் என்பதை வேலை தொடங்குமுன் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

அதுபோலவே, பிறருடைய பாட்டை நம் படத்தில் சேர்க்க அவர்களின் அனுமதியை நாமும் பெறவேண்டும். எழுதியவர் பெயரை மாற்றிப் போடுவதும் சட்டப்படி தவறு.

பால் நிறுக்கும்போது பக்கத்தில் நின்று எடையைப் பார்த்தவர்கள் நாம். பிள்ளையின் பாட்டுக்கும் அந்தக் கவனம் வேண்டாமா?