பெடல் ஹார்டா, சாஃப்டா? ஒத்தைச் சக்கரத்தில் அந்த ஒரு செட்டிங் என்னதான் செய்கிறது

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)



போன மாசம் எங்க அபார்ட்மென்ட் உள்ரோட்ல நான் விழுந்தேன். பெரிய வேகம் எல்லாம் இல்ல, மணிக்கு 15 கிலோமீட்டர் இருக்கும். டயர்ல காத்து சரியா இருந்தது. பேட்டரி 80 சதவீதம். ரோடு காய்ஞ்சு கிடந்தது. முந்தின நாள் ராத்திரி ஆப்பைத் திறந்து ஒரே ஒரு ஸ்லைடரை ஹார்ட்ல இருந்து சாஃப்ட் பக்கம் இழுத்துவிட்டிருந்தேன். மாத்தினது அது ஒண்ணுதான்.

காலைல ஒரு வளைவுல சின்னப் பையன் ஒருத்தன் சைக்கிள்ல எதிர்ல வந்தான். பிரேக் போடணும்னு பின்னாடி சாய்ஞ்சேன். ஒன்றரை வருஷமா என் குதிகாலுக்குக் கீழ கல்லு மாதிரி நின்ன பெடல், அன்னைக்கு மெதுவா கீழ இறங்குச்சு. வீல் பிரேக் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தது. ஆனா என் காலுக்கு "இது பிடிக்கல"ன்னு தோணுச்சு. குதிச்சுட்டேன். முழங்கை தேய்ஞ்சது. மணிக்கட்டை ரிஸ்ட் கார்டு காப்பாத்துச்சு. பையனுக்கு ஒண்ணும் ஆகல. உருண்டு கிடந்த வீலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போயிட்டான்.

வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சது. தினமும் ஏறி நிக்கிற ஒரு மெஷின்ல, அந்த செட்டிங் எதை மாத்துது, எதை மாத்தலைன்னு எனக்குத் தெளிவா தெரியாது. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

முதல்ல, இது எப்படி நிக்குது?

எலெக்ட்ரிக் யூனிசைக்கிள் பார்க்காதவங்களுக்கு: ஒரே ஒரு சக்கரம், அதுக்குள்ளேயே மோட்டார், ரெண்டு பக்கமும் மடக்கக்கூடிய பெடல். ஹேண்டில் கிடையாது, சீட்டும் பெரும்பாலும் கிடையாது. முகத்தை முன்னாடி வச்சு நிக்கிறோம். 2004-ல ட்ரெவர் பிளாக்வெல் தானா பேலன்ஸ் பண்ற ஒத்தைச் சக்கர வண்டி ஒண்ணைக் கட்டிக் காட்டினார். 2011 வாக்குல ஷேன் சென் கொண்டுவந்த சோலோவீல்தான் இப்ப இருக்கிற வீல்களுக்கு முன்னோடி.

உள்ள கைரோஸ்கோப்பும் ஆக்சிலரோமீட்டரும் இருக்கு. "இப்ப பெடல் எத்தனை டிகிரி சாய்ஞ்சிருக்கு, எவ்வளவு வேகமா சாயுது"ன்னு விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கேட்டுக்கிட்டே இருக்கும். முன்னாடி சாய்ஞ்சா மோட்டார் முன்னாடி தள்ளும். பின்னாடி சாய்ஞ்சா எதிர்ப்பக்கம் இழுக்கும். பக்கவாட்டு பேலன்ஸ் முழுக்க நம்ம பொறுப்பு, சைக்கிள் மாதிரிதான்.

இதுல பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. டிரில்லிங் மெஷின்ல சுவர்ல ஓட்டை போடும்போது பிட் சட்டுன்னு மாட்டிக்கிச்சுன்னா, மெஷின் உங்க மணிக்கட்டை எதிர்ப்பக்கம் திருகும், இல்லையா? அதே கதைதான் இங்கேயும். மோட்டார் சக்கரத்தை முன்னாடி சுத்தினா, பெடல் மாட்டியிருக்கிற பாடியை அதே அளவு பின்னாடி சுத்தப் பார்க்கும். அதாவது உங்க கால் விரல் பக்கத்தை மேல தூக்கும். நீங்க விரலால கீழ அழுத்துறீங்க, மோட்டார் மேல தூக்குது, ரெண்டும் சமமாகுது.

அப்போ உங்களை முன்னாடி கொண்டுபோற விசையும், பெடலைக் கீழ விழாமத் தாங்குற விசையும் வேற வேற இல்ல. ஒரே விசை. இதை மட்டும் பிடிச்சுக்கங்க, மீதி எல்லாம் தானா வரும்.

கட்டிலும் மெத்தையும்

சரி, ஹார்ட் சாஃப்ட்னா என்ன? ஒரு டிகிரி சாய்ஞ்சா எவ்வளவு விசை கொடுக்கணும்ங்கிற கணக்குதான். ஹார்ட்ல, கொஞ்சம் சாய்ஞ்சாலே மோட்டார் பலமா பதில் சொல்லும். சாஃப்ட்ல, அதே பதில் வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் சாயணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 70 கிலோ ஆள். பாதத்தோட அழுத்தம் அச்சுல இருந்து 5 செ.மீ. முன்னாடி விழுதுன்னு வைங்க. 70-ஐ 9.8-ஆலயும் 0.05-ஆலயும் பெருக்கினா, ஏறக்குறைய 34 நியூட்டன் மீட்டர். இதைத்தான் மோட்டார் தாங்கணும். ஹார்ட்ல டிகிரிக்கு 20 நியூட்டன் மீட்டர்னு வச்சா, பெடல் 2 டிகிரிகூட இறங்காது. சாஃப்ட்ல டிகிரிக்கு 5-னு வச்சா, 7 டிகிரி இறங்கும். இந்த 20, 5 ரெண்டும் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள், எந்த மாடலோட அளவும் இல்ல.

ஆனா கவனிங்க, ரெண்டுலயும் கடைசியா வர்ற விசை அதே 34-தான். 18 இன்ச் வீல், டயரோட ஆரம் 23 செ.மீ., ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோன்னா, விநாடிக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம் வேகம் கூடும். ஹார்ட்லயும் அதே, சாஃப்ட்லயும் அதே.

கட்டில்ல படுக்கிற மாதிரி நினைச்சுக்கங்க. வெறும் பலகைல படுத்தாலும், இலவம் பஞ்சு மெத்தைல படுத்தாலும் கட்டில் தாங்குறது உங்க எடையைத்தான். மெத்தைல கொஞ்சம் அமுங்குவீங்க, பலகைல அமுங்க மாட்டீங்க. ஆனா கட்டில் கால் எவ்வளவு எடைக்கு உடையும்ங்கிறதை மெத்தையா முடிவு பண்ணும்? அது கட்டிலைப் பொறுத்தது. பெடல் செட்டிங் மெத்தை. மோட்டாரும் பேட்டரியும் கட்டில் கால்.

ரோட்டுல என்ன வித்தியாசம் தெரியும்?

ஹார்ட்ல பெடல் தரை மாதிரி இருக்கும். ஒரு காலை வச்சு ஏறும்போது முன்ன பின்ன அசையாது. நடக்கிற வேகத்துல யூ டர்ன் போடும்போது, லிஃப்ட்டுக்கு முன்னாடி நின்னு நின்னு நகரும்போது இது பெரிய உதவி. அதனாலதான் புதுசா கத்துக்கிறவங்களுக்கு நான் மீடியத்துல இருந்து ஹார்ட் வரைக்கும் ஏதாவது ஒண்ணு சொல்லுவேன். பயத்துல இருக்கிற காலுக்குக் கீழ பெடலும் அசைஞ்சா, பயம் ரெண்டு மடங்காகும்.

ஸ்பீட் பிரேக்கர் வந்தா கதை மாறும். டயர் மேட்டுல மோதின கணத்துல சக்கரம் தடுக்கப்படும், பாடி முன்னாடி சாயப் பார்க்கும். ஹார்ட் அதை உடனே எதிர்த்து ஒரு பெரிய கரண்ட்டை இறக்கும். பெடல் மட்டமாவே இருக்கும், ஆனா அந்த வெட்டு நேரா காலுக்கு வரும். டயர் ஒரு கணம் தரையை விட்டா, லேசா சாய்ஞ்ச பெடலுக்குக்கூட சக்கரம் காத்துல வேகமா சுத்திடும். திரும்பத் தரையைத் தொடும்போது ஒரு இழுப்பு இருக்கும்.

சாஃப்ட் இந்த இடத்துல படகு மாதிரி. மேடு வந்தா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். பேவர் பிளாக் போட்ட ரோடு, தார் பேர்ந்த ரோடு எல்லாத்துலயும் பாதத்துக்கு நிம்மதி. கொடுக்க வேண்டிய விலை, தாமதம். சட்டுன்னு நிறுத்தணும்னா குதிகால் நல்லா இறங்குற வரைக்கும் உடம்பைப் பின்னாடி கொண்டுபோகணும். அந்த இறக்கத்தை நம்பத் தெரியணும். என் விழுப்புக்குக் காரணம் அதுதான். வண்டி சரியாத்தான் பேசுச்சு, எனக்கு அந்த பாஷை தெரியல.

இன்னொண்ணு, பெயரை நம்பாதீங்க. பிகோட் மாதிரி கம்பெனிகள் சாஃப்ட், மீடியம், ஹார்ட்னு கொடுப்பாங்க. இன்மோஷன் மாதிரி சிலர் சதவீதத்துல கொடுப்பாங்க. ஒருத்தரோட மீடியம் இன்னொருத்தரோட சாஃப்ட்டா இருக்கலாம். பெடலோட கோணத்தை மாத்துற செட்டிங் வேற, அதையும் இதையும் குழப்பிக்காதீங்க. அது பெடல் எந்தச் சாய்வுல நிக்கணும்ங்கிறதை மட்டும் சொல்லுது.

ஹார்ட்னா பாதுகாப்பா?

இதுதான் இன்னைக்கு முக்கியமான பகுதி. "ஹார்ட்ல வை, அப்பதான் பவர் ஜாஸ்தி"ன்னு எனக்கே ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார். நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன். அது தப்பு.

மோட்டார் சுத்தும்போது அதுவே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும். வேகம் கூடக் கூட அந்த எதிர் வோல்டேஜ் பேட்டரியோட வோல்டேஜை நெருங்கும். மிச்சம் இருக்கிற இடைவெளிதான் உங்க கைவசம் இருக்கிற விசை. அந்த இடைவெளி தீர்ந்துபோன நிலையில எதிர்க்காத்தோ, ஒரு பள்ளமோ கூடுதல் விசை கேட்டா, மோட்டாரால தர முடியாது. பெடலைத் தாங்கிக்கிட்டு இருந்ததும் அதே விசைதானே? பெடலோட முன்பக்கம் கீழ விழும், நீங்க முகம் குப்புற விழுவீங்க. ரைடர்கள் இதை ஓவர்லீன்னு சொல்றாங்க.

பேட்டரி குறைஞ்சா இந்த எல்லை இன்னும் கிட்ட வரும். 24 செல் வரிசைல இருக்கிற பேட்டரி, முழு சார்ஜ்ல செல்லுக்கு 4.2 வீதம் 100.8 வோல்ட். செல் 3.5-க்கு இறங்கினா 84 வோல்ட். எல்லை வேகம் ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு போயிடும். காலைல சேஃபா போன அதே வேகம், சாயங்காலம் அப்படி இருக்காது.

இப்ப ஹார்ட்டையும் சாஃப்ட்டையும் இங்க வச்சுப் பாருங்க. நம்ம ஆபீஸ்ல ரெண்டு சர்வர் இருக்குன்னு வைங்க. ஒண்ணு லோடு ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா ஸ்லோ ஆகும். இன்னொண்ணு கடைசி வரைக்கும் ஜம்முனு பதில் சொல்லிட்டு, 100 சதவீதத்தைத் தொட்டதும் படுத்துடும். ரெண்டோட கொள்ளளவும் ஒண்ணுதான். ஆனா முதலாவது உங்களுக்கு முன்கூட்டியே ஏதோ ஒரு சேதி சொல்லுது. சாஃப்ட்ல பெடல் இறங்குற அளவே லோடு மீட்டர் மாதிரி. ஹார்ட்ல அந்த மீட்டரை நாமே மூடி வச்சுடறோம். கால் பக்கத்துல பேட் மாட்டியிருந்தா இன்னும் ஜாக்கிரதை, ஏன்னா முழங்காலால அழுத்தி ரொம்பச் சுலபமா நிறைய விசை கேட்க முடியும்.

அதுக்காக சாஃப்ட்தான் பாதுகாப்புன்னு சொல்லல. சாஃப்ட்லயும் எல்லை அதே இடத்துலதான் இருக்கு. பாதம் சொல்றதை மட்டும் நம்பி ஓட்டக் கூடாதுங்கிறதுதான் விஷயம். பிடபிள்யூஎம்னு ஒரு எண் இருக்கு, மோட்டார் இருக்கிற வோல்டேஜ்ல எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்திக்கிட்டு இருக்குன்னு சொல்லும். வீல்லாக், இ.யூ.சி. வேர்ல்டு மாதிரி ஆப்கள்ல அதைப் பார்க்கலாம், அலாரமும் வைக்கலாம். நான் 80-ல வச்சிருக்கேன். பீப் கேட்டா மெதுவா வேகத்தைக் குறைப்பேன், வாக்குவாதமே கிடையாது. பெடல் தானா முன்பக்கம் தூக்கிப் பின்னாடி தள்ளினாலும் அப்படித்தான். அது வண்டி உங்களை எச்சரிக்கிறது. அதை எதிர்த்து இன்னும் முன்னாடி சாயாதீங்க.

மாத்தணும்னா எப்படி மாத்துறது?

நான் இப்ப பின்பற்றுறதைச் சொல்றேன். ஒரு தடவைக்கு ஒரே படி, ஸ்லைடர்னா 10 சதவீதம். ஓடிக்கிட்டே மாத்துறது கிடையாது, இறங்கி நின்னுதான். மாத்தினதும் காலி பார்க்கிங்ல பத்து நிமிஷம்: ஏறி இறங்குறது, மெதுவா எட்டு போடுறது, கடைசியா மணிக்கு 10, 15, 20-ல இருந்து பிரேக் அடிச்சு நிறுத்துறது. பிரேக்தான் முக்கியம், ஏன்னா முன்னாடி போகும்போது ஆச்சரியப்பட்டா பரவாயில்ல, நிறுத்தும்போது ஆச்சரியப்படக் கூடாது. ஹெல்மெட்டும் ரிஸ்ட் கார்டும் இல்லாம இந்த பத்து நிமிஷமும் கிடையாது.

நான் இப்ப நடுவுல, கொஞ்சம் ஹார்ட் பக்கமா வச்சு ஓட்டுறேன். அது என் எடைக்கும், என் ரோட்டுக்கும், என் காலுக்கும் ஒத்துவருது. உங்களுக்கு வேற மாதிரி இருக்கும். எதை வச்சாலும் சரி, காலுக்குக் கீழ எவ்வளவு கெட்டியா இருக்குங்கிறது ஒரு விஷயம், மோட்டார்ல எவ்வளவு மிச்சம் இருக்குங்கிறது வேற விஷயம். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க.

அந்தப் பையனை நேத்து மறுபடி பார்த்தேன். "அங்கிள், இன்னைக்கு விழலையா?"ன்னு கேட்டான். இருபத்தெட்டு வயசுல அங்கிள் ஆனதுதான் முழங்கையைவிட வலிக்குது.

நீங்க எந்த செட்டிங்ல ஓட்டுறீங்க, ஏன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கறேன். பத்திரமா ஓட்டுங்க. வரட்டுமா.