சேனை நறுக்கினால் கை அரிப்பது ஏன்?

பொங்கலுக்குச் சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை ஏன் அரிக்கிறது, தெரியுமா? திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் பொங்கல் நெருங்கினாலே சந்தையில் சேனை, சேம்பு, சிறுகிழங்கு எல்லாம் மண்வாசனையோடு குவிந்து கிடக்கும். இவற்றில் சேனையிலும் சேம்பிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற படிகங்கள் இருக்கின்றன. கண்ணுக்கே தெரியாத ஊசி மாதிரி அவை தோலில் குத்துவதால்தான் அந்த அரிப்பு! அதற்காகத்தான் நம் வீடுகளில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவார்கள். வேகவைக்கும்போது கொஞ்சம் புளியும் கரைத்து ஊற்றுவார்கள். புளிப்பு சேர்ந்தால், சாப்பிடும்போது வரும் தொண்டைக் காறல் குறையும். இந்தப் பொங்கலுக்குச் சேனையை எடுக்கும் முன், கையை ஈரமில்லாமல் துடைத்து, எண்ணெய் தடவிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்!