முப்பதாம் நாளுக்குள்

கருவில் வளரும் குழந்தையின் கண்ணில் நான்காம் மாதத்தில் ஒரு பணி தொடங்குகிறது. பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் விழித்திரையின் ஓரத்தை நோக்கி மெல்ல மெல்லப் படர்கின்றன. அவை ஓரத்தை எட்ட ஏறக்குறைய நாற்பதாம் வாரம் ஆகிவிடும். குழந்தை முப்பதாம் வாரத்திலேயே பிறந்துவிட்டால் அப்பணி பாதியில் நின்றுபோகும்.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலும் முதிர்ந்திராது. எனவே ஆக்சிஜன் தேவைப்படும். அது அளவுக்கு மிஞ்சினால் இரத்தக் குழாய்களின் வளர்ச்சி தடைப்படும். பின்னர், இரத்தம் எட்டாத விழித்திரையில் புதிய குழாய்கள் தாறுமாறாக முளைக்கும். அவை கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும்.

1942இல் பாஸ்டன் நகர மருத்துவர் டெர்ரி இந்நோயை விவரித்தார். 1951இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கேட் கேம்பெல், ஆக்சிஜன் காரணமாகலாம் என்று சுட்டினார். வியப்பு என்னவெனில், வசதி மிக்க மருத்துவமனைகளிலேதான் அந்நாளில் இந்நோய் மிகுந்திருந்தது. 1950இல் பிறந்த அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் இவ்வாறு பார்வை இழந்தவரே. அஞ்சி ஆக்சிஜனைக் குறைத்தபோதோ உயிரிழப்பு கூடியது. ஆகவே இன்று குழந்தையின் காலில் செந்நிற ஒளி வீசும் சிறு கருவியைப் பொருத்தி, இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவை இடையறாது கண்காணிக்கின்றனர்.

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் 2003இல் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. கொல்கத்தா எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் மருத்துவர் அருண் சிங் இதற்கு வழிவகுத்தார். உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுச் செவிலியருக்குத் துணை நின்றனர். பின்னர் நாடெங்கும் மாவட்டங்களில் இத்தகைய பிரிவுகள் அமைந்தன. பிழைக்கும் குழந்தைகள் பெருகவே, கண்ணைப் பரிசோதிக்க வேண்டிய குழந்தைகளும் பெருகினர்.

34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கும் முப்பது நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே செய்ய வேண்டும். நோய் முற்றுவது தெரிந்தால் ஓரிரு நாள்களில் லேசர் சிகிச்சை அளித்துப் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம்.

சிக்கல் இதுதான்: அந்த நாள் பலருக்கும் வீடு திரும்பிய பின்னரே வருகிறது. குழந்தை பால் குடிக்கிறது, எடை கூடுகிறது. கண்ணும் வெளியே பார்க்க மாசற்று இருக்கிறது. மீண்டும் அலைச்சல் எதற்கு என்று வீட்டார் எண்ணுவது இயல்பே. மருத்துவமனைச் சீட்டில் குறித்த தேதி ஒன்றே அவர்களுக்கு எச்சரிக்கை.

கருநாடகத்தில் இந்த அலைச்சலைக் குறைக்க 2008இல் ஒரு வழி கண்டனர். பயிற்சி பெற்ற பணியாளர் கருவியுடன் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்கின்றனர். பெங்களூரிலுள்ள மருத்துவர் அப்படத்தைப் பார்த்து, சிகிச்சை தேவையா என்று சொல்லிவிடுகிறார்.