வயிற்றுப்போக்குக்குப் பின் உணவு ஒத்துக்கொள்ளாமை: எதை விலக்குவது, எப்போது மீண்டும் சேர்ப்பது?

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவின. புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளிகளுக்குச் சில நாள்கள் விடுமுறை அளிக்கப்பட்டது. குடிநீரைக் காய்ச்சிப் பருகுதல், கைகழுவுதல், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவை பற்றி அப்போது பலரும் அறிந்துகொண்டனர்.

ஆனால் வயிற்றுப்போக்கு நின்ற பிறகு சிலருக்கு ஏற்படும் தொல்லை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது. சாம்பார் உண்டால் வலிக்கிறது. அச்சத்தில் முதலில் பாலையும், பிறகு பருப்பையும், பிறகு முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகின்றனர். சில மாதங்களில் எடை குறைந்து, இரத்தச்சோகையுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். உணவை விலக்குவது சிகிச்சையின் முதல் பாதி மட்டுமே. அதை முறையாக மீண்டும் சேர்ப்பதே மறுபாதி.

தொற்று நீங்கிய பின்னும் தொல்லை ஏன்?

பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உட்புறச் சவ்வில் சுரக்கிறது. கடும் வயிற்றுப்போக்கில் அச்சவ்வு சிதைவதால் நொதி தற்காலிகமாகக் குறைகிறது. சவ்வு மீண்டும் வளர்ந்ததும், பொதுவாகச் சில வாரங்களில், நொதியும் பழைய நிலைக்குத் திரும்பும்.

வேறு சிலருக்குக் கிருமி அழிந்த பின்னும் குடலின் உணர்திறன் மிகுந்தே இருக்கும். குடல் தொற்றுக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு வலி, உப்புசம், ஒழுங்கற்ற மலம் ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கலாம். இதனை எரிச்சலுறு குடல் நோய் என்கிறோம். இது துன்பம் தரும்; ஆனால் குடலை அரிக்காது, புற்றுநோயாக மாறாது.

முதலில் மருத்துவரைக் காண வேண்டியவர்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் உணவு மாற்றத்தை நீங்களாகத் தொடங்க வேண்டாம்:

• மலத்தில் இரத்தம் அல்லது கரிய நிற மலம்
• காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல்
• உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு
• இரத்தச்சோகை, விழுங்குவதில் சிரமம்
• 45 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய மலப்போக்கு மாற்றம்
• குழந்தையின் எடையும் உயரமும் கூடாமல் நிற்றல்

நம் நாட்டில் குடல் காசநோயும் இவ்வாறே தொடங்கக்கூடும். அதனை உணவால் குணப்படுத்த இயலாது.

விலக்கிப் பார்க்கும் முறை

1. ஒரு வாரம் எந்த மாற்றமும் செய்யாமல், உண்டவற்றையும் தொல்லை வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.
2. ஐயத்துக்குரிய ஒரே ஓர் உணவை மட்டும் இரண்டு வாரங்கள் நிறுத்துங்கள்.
3. வேறுபாடு தெரியாவிட்டால், அவ்வுணவு காரணமன்று. அதை மீண்டும் உண்ணத் தொடங்குங்கள்.
4. தொல்லை குறைந்தால், அதே உணவைச் சிறிதளவில் தொடங்கி மூன்று நாள்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். எந்த அளவில் தொல்லை தொடங்குகிறதோ, அதற்குச் சற்றுக் கீழே உள்ளதே உங்களுக்கு உரிய அளவு.

குழந்தைகள், கருவுற்ற பெண்கள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே இதனைச் செய்ய வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள கைக்குழந்தைக்கும் தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

பால்: அளவே முக்கியம்

குழந்தைப் பருவத்துக்குப் பின் லாக்டேஸ் குறைவது உலகின் பெரும்பாலோருக்கு இயல்பு. வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இது மிகுதி. எனினும் இத்தகையோரில் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொல்லையின்றி ஏற்கின்றனர். 200 மில்லி பாலில் இருப்பது ஏறத்தாழ 10 கிராம். காபியில் சேரும் 50 மில்லி பாலில் இரண்டரை கிராம் அளவே உள்ளது. எனவே முழு டம்ளர் பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் காபி ஒத்துக்கொள்ளலாம். தயிரில் உள்ள நுண்ணுயிரிகள் லாக்டோஸின் ஒரு பகுதியைச் செரித்துவிடுவதால், தயிரும் மோரும் பலருக்கு எளிதில் செரிக்கின்றன. வெறும் வயிற்றில் அருந்தாமல் உணவுடன் அருந்துவதும் உதவும்.

பாலைக் குறைப்பவர்கள் சுண்ணாம்புச்சத்தை இழக்கக் கூடாது. 100 கிராம் கேழ்வரகிலும், அதே அளவு முருங்கைக்கீரையிலும் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உள்ளது. முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறு மீன்களும் நல்லவை.

கோதுமை: பரிசோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள்

கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் சிதைவது சீலியாக் நோய். 2016-இல் வெளியான ஆய்வின்படி இது வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் 1,000 பேரில் ஒருவர் அளவிலும் காணப்படுகிறது. நம் பகுதியில் அரிது என்றாலும் இல்லாத நோயன்று. இதனைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, நீங்கள் கோதுமை உண்டு கொண்டிருக்கும்போதுதான் சரியான முடிவைத் தரும். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் மறைந்து நிற்கும்.

நோய் உறுதியானவர்கள் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். இங்கு மட்டும் மீண்டும் சேர்த்தல் என்பது இல்லை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்; உறையைப் படித்து வாங்குங்கள். அரிசிச் சோறு, இட்லி, தோசை, இடியாப்பம் ஆகியவற்றுக்குத் தடையில்லை.

வெங்காயம், பூண்டு, பருப்பு

இவற்றிலுள்ள சில மாவுச்சத்துகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குகின்றன. எரிச்சலுறு குடல் உள்ளவர்களுக்கு இவ்வகை உணவுகளைக் குறைக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதிலும் கட்டுப்பாட்டுக் காலம் 2 முதல் 6 வாரங்கள் மட்டுமே. அதன்பின் ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டும்.

வெங்காயம், பூண்டின் இச்சத்து நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே சாம்பாரில் வெந்த வெங்காயத்தை எடுத்து ஒதுக்குவதால் பயனில்லை. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அவ்வெண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், தொல்லை வராது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் பயன்படுத்தலாம். பருப்பையும் கடலையையும் ஊற வைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேக வையுங்கள். மாம்பழம் தொல்லை தந்தால், முழுப் பழத்துக்குப் பதில் ஒரு துண்டுடன் நிறுத்திப் பாருங்கள்.

மீன், இறால்: ஒவ்வாமை வேறு

இறால், நண்டு உண்டவுடன் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் அது ஒவ்வாமை. சிறிதளவும் உயிருக்கு ஆபத்தாகலாம்; வீட்டில் மீண்டும் உண்டு சோதிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஐஸில் வைக்கப்படாத சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து அரிப்பும் தலைவலியும் வரும். அது பெரும்பாலும் கெட்டுப்போன மீனால் வந்த நஞ்சு. அம்மீனை ஆயுள் முழுவதும் விலக்க வேண்டியதில்லை. எனினும் எதனால் வந்தது என்பதை மருத்துவரே உறுதி செய்ய வேண்டும்.

இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. அளவைக் கண்டு ஒத்துக்கொள்ளாத உணவுகளைப் பட்டியலிடும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஐ.ஜி.ஜி. இருப்பது அவ்வுணவை நீங்கள் உண்டு வந்துள்ளீர்கள் என்பதையே காட்டும். அதனால்தான் ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

தற்போது எந்தெந்த உணவுகளை நிறுத்தியிருக்கிறீர்கள், எப்போதிலிருந்து, ஏன் என்று எழுதிப் பாருங்கள். ஆறு வாரங்களுக்கு மேல் நிறுத்தியவை இருப்பின், அந்த நோட்டுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். அவற்றில் எதை முதலில் மீண்டும் சேர்க்கலாம் என்று மருத்துவர் உங்களுடன் சேர்ந்து முடிவு செய்வார்.