தரப்படுத்தலும் வன்னிப் பாடசாலையும்: கனகராயன்குளத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

இலங்கைத் தமிழரிடையே 'தரப்படுத்தல்' என்பது ஓர் அரசியற் சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது. 1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது மருத்துவத் துறைக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 229 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டும் என வகுக்கப்பட்டமையே அச்சொல்லுக்கு அப்பொருளை அளித்தது. அவ்வநீதி பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. ஆனால், தரப்படுத்தல் ஓர் அளவீட்டு முறையுமாகும். நாடெங்கும் ஒரே வினாத்தாளை வழங்கி, பெறப்படும் புள்ளிகளை ஓர் ஒழுங்கினுட் கொணர்ந்து, அதன்வழி மாணவரை வரிசைப்படுத்தும் முறை இன்றும் நமது பாடசாலைகளை ஆண்டுவருகின்றது. அம்முறை எதனை அளக்கின்றது, எதனை அளக்கத் தவறுகின்றது என்பதை வவுனியா வடக்கிலுள்ள கனகராயன்குளத்தின் நிலையிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொழிவாரித் தரப்படுத்தலைத் தொடர்ந்து 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டது. இது யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் இழப்பாகவே பெரிதும் பேசப்பட்டது. அவ்விழப்பு உண்மையானதே. எனினும், உயர்கல்வியின் வாயிலை அதுவரை எட்டியிராத வவுனியா, மன்னார் போன்ற மாவட்டங்களுக்கு அவ்வாயிலைச் சிறிதளவேனும் திறந்துவிட்டதும் அவ்வொதுக்கீடேயாம். மொழியை அடிப்படையாகக் கொண்டு புள்ளியைக் குறைத்துக் கணித்தல் வேறு, பின்தங்கிய பிரதேசத்தின் வசதியின்மையைக் கணக்கிற் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோமாயின் வன்னி மாணவனின் பிரச்சினை நமது பார்வையிலிருந்து மறைந்துவிடும்.

இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்றும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். 2001 முதல் மாணவரின் வரிசை இசற் புள்ளியினாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரதும் சராசரியைக் கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுத்தால் கிடைப்பதே இசற் புள்ளியாகும். உதாரணமாக, சராசரி 45 ஆகவும் நியம விலகல் 10 ஆகவும் உள்ள ஒரு பாடத்தில் 60 புள்ளி பெற்றவரின் இசற் புள்ளி 1.5 ஆகும். சராசரி 62 ஆகவும் நியம விலகல் 8 ஆகவும் உள்ள பிறிதொரு பாடத்தில் 70 புள்ளி பெற்றவருக்கு அது 1.0 மட்டுமே. கடினமான பாடத்தை எடுத்தவர் நட்டமடையாமற் காக்கும் வகையில் இது நேர்மையான கணிப்பேயாகும். ஆயினும், எவரை எவரோடு சேர்த்துக் கணிப்பது என்ற தீர்மானம் பிழைத்தால் கணிப்பும் பிழைத்துவிடும். 2011 ஆம் ஆண்டு பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒருங்கே கணித்தமையை 2012 இல் உயர் நீதிமன்றம் நிராகரித்து, இரு பிரிவினருக்கும் வேறுவேறாகக் கணிக்குமாறு பணித்தமை இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இசற் புள்ளி பாடங்களிடையேயுள்ள வேறுபாட்டைச் சமன்செய்கின்றது. மாவட்ட ஒதுக்கீடு மாவட்டங்களிடையேயுள்ள வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்கின்றது. ஆனால், ஒரு மாவட்டத்தினுள்ளேயே நிலவும் வேறுபாட்டைக் காணும் கண் இவ்விரண்டுக்கும் இல்லை. கனகராயன்குளம் கண்டி - யாழ்ப்பாண வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், வவுனியா நகரிலிருந்து முப்பது கிலோமீற்றருக்கும் அப்பால் அமைந்துள்ளது. குளத்தை நம்பிய நெற்செய்கையும் கூலியுழைப்புமே இப்பகுதி மக்களின் வாழ்வாதாரம். நகரிலோ பல்லாண்டு நிலைபெற்ற பெரிய பாடசாலைகளும், பாடந்தோறும் ஆசிரியரும், மாலைநேரத் தனியார் வகுப்புகளும் உண்டு. அனுமதிப் பட்டியலில் இவ்விரு இடத்து மாணவரும் 'வவுனியா மாவட்டம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றனர். பின்தங்கிய மாவட்டமென வழங்கப்படும் சலுகையை அம்மாவட்டத்துள் முன்னேறிய பகுதியே முதலிற் பெற்றுக்கொள்வதில் வியப்பில்லை.

போரின் சுமையும் இவ்வாறே கணக்கில் வருவதில்லை. 1990 களின் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய்கூட அரிதாகிய நிலையில் வன்னி மாணவர் குப்பிவிளக்கொளியிற் படித்தனர். 1997 மே மாதத்தில் தொடங்கிய 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கை இவ்வீதியோரக் கிராமங்களைப் போர்க்களமாக்கியது. 1999 நவம்பரில் களம் மீண்டும் மாறியது. 2008 இல் மறுபடியும் இடப்பெயர்வு நேர்ந்தது. போர் முடிந்த சில மாதங்களிலேயே, 2009 ஆகஸ்ட் மாதத்தில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலிருந்த பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றினர். அவர்களுக்குக் கிடைத்ததும் கொழும்பிலுள்ள பிள்ளைக்குக் கிடைத்த அதே வினாத்தாள்தான். வினாத்தாள் ஒன்றாயிருப்பதனால் பரீட்சை சமமாகிவிடுமா என்ற வினாவை அந்நிகழ்ச்சியைக் காட்டிலும் கூர்மையாக எழுப்பவல்லது பிறிதொன்றில்லை.

அப்புலமைப்பரிசில் பரீட்சையின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு தோன்றிய இது, வறிய கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவிப்பணமும் கிடைக்கவேண்டும் என்ற உயர்ந்த நோக்குடையது. நடைமுறையில் இன்று அதன் விளைவு இருவகைப்படுகின்றது. முதலாவது, பத்து வயதுப் பிள்ளையின் கல்வி வினாத்தாட் பயிற்சியாகச் சுருங்குகின்றது. மூன்றாந் தரத்திலேயே கடந்தகால வினாத்தாள்களும் செயலட்டைகளும் கைக்கு வருகின்றன. சித்திரமும் விளையாட்டும் கதைசொல்லலும் ஒதுங்கிவிடுகின்றன. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளை தன்னைத் தோற்றவனாகவே எண்ணத் தலைப்படுகின்றது. இரண்டாவது விளைவு கிராமப் பாடசாலையையே தாக்குகின்றது. சித்தியடைந்த பிள்ளைகள் நகரப் பாடசாலைக்குச் செல்கின்றனர். கிராமத்தில் மேல்வகுப்புகள் மெலிகின்றன. மாணவர் தொகை குறையவே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்துவது கடினமாகின்றது. பிரிவு இல்லாதபோது ஆசிரியர் நியமனமும் இல்லை. ஆசிரியர் இல்லாமையைக் கண்டு எஞ்சிய பெற்றோரும் பிள்ளையை நகருக்கு அனுப்ப முனைகின்றனர். இவ்வாறு, கிராமத்துப் பிள்ளையைக் கைதூக்கிவிட எழுந்த பரீட்சை கிராமத்துப் பாடசாலையை வறிதாக்கும் கருவியாக மாறிவிடுகின்றது. நகருக்குச் செல்ல வசதியற்ற கூலித் தொழிலாளியின் பிள்ளையே ஈற்றில் அப்பாடசாலையில் எஞ்சுகின்றது.

இவற்றால் பொதுப் பரீட்சையை ஒழித்துவிடவேண்டும் என்பது நமது வாதமன்று. செல்வாக்கும் சிபாரிசும் கோலோச்சும் சமூகத்தில், பெயர் மறைத்துச் சுட்டெண்ணை மட்டும் காட்டும் விடைத்தாள் வறியவனுக்கு ஒரு காவலேயாகும். நாம் வற்புறுத்துவது பரீட்சைப் பெறுபேற்றின் பயன்பாட்டை மாற்றவேண்டும் என்பதே. ஒரு கோட்டத்துப் பாடசாலைகள் ஆண்டுதோறும் கணிதத்திற் பின்தங்குமாயின், அப்பெறுபேறு பிள்ளைகளைப் பற்றிய தீர்ப்பன்று. ஆங்கு கணித ஆசிரியர் வேண்டும் என்ற விண்ணப்பமாகும். அவ்விண்ணப்பத்துக்கு விடையாக, ஒவ்வொரு பிரதேச செயலர் பிரிவிலும் ஒரு பாடசாலையேனும் உயர்தர விஞ்ஞானப் பிரிவுடன் இயங்க வழிசெய்தல் வேண்டும். மாணவர் தொகை குறைவென்ற காரணங்காட்டி அதனை மறுத்தலாகாது. நகரிலிருந்து நாளாந்தம் பேருந்தில் வந்து திரும்பும் ஆசிரியர் கிராமத்தில் தங்குதற்கு விடுதிகள் வேண்டும். ஒதுக்கீட்டைக் கணிக்குமிடத்து மாவட்டத்தோடு நில்லாது, மாணவர் கற்ற பாடசாலையின் வளநிலையையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.

2021 ஆகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வன்னி மண்ணில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தமை மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், அனுமதி நாடளாவியது; கட்டடம் அருகில் இருப்பதனால் மட்டும் கனகராயன்குளத்துப் பிள்ளைக்கு அதன் வாயில் திறந்துவிடாது. பாடசாலைகள் சமனாகாதவரை புள்ளிகளை எத்துணை நுட்பமாகச் சமன்செய்யினும், அந்நுட்பம் ஏற்றத்தாழ்வை அளந்து பதிவுசெய்யுமேயன்றி அகற்றாது. தரப்படுத்தப்படவேண்டியது முதலிற் பாடசாலையே. மாணவன் அதன் பின்னரே.